சப்பிரகமுவத் தோட்டக் குடியிருப்புகளில் மின்கம்பிகளின் நிற ஒழுங்கு: ஒரு விளக்கம்

மின்கம்பியின் உறைக்கு நிறம் ஊட்டப்படுவது அழகு கருதியன்று. ஒருவர் அமைத்த மின்சுற்றைப் பல ஆண்டுகளின் பின்னர் அவரை அறியாத இன்னொருவர் திறந்து பார்க்கும்போது, எந்தக் கம்பி எத்தொழிலைப் புரிகின்றது என்பதை அவருக்கு உணர்த்தும் குறியீடாக அந்நிறம் நிற்கிறது. மொழியைப் போன்று இதுவும் ஒரு சமூக ஒப்பந்தமே. சிவப்பு நிறத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் இடையே இயற்கையான உறவு எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் பங்குகொள்வோர் யாவரும் அதனை ஒரே வகையாக விளங்கிக்கொள்ளும்போதே அது பயன் தரும். அவ்வாறு விளங்கிக்கொள்ளாதவிடத்து நேர்வது வெறுங் கருத்து மயக்கமன்று, உயிரிழப்பாகும்.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய சப்பிரகமுவ மாகாணத்தில், பலாங்கொடை, இறக்குவானை, பெல்மதுளை, கஹவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை முதலிய பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அவர்தம் லயங்களில் இவ்வொப்பந்தம் எவ்வாறு செயற்படுகின்றது, எவ்விடத்தில் முறிகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொருள் தொழினுட்பஞ் சார்ந்ததாயினும், அதன் வேர்கள் நிலவுடைமையிலும் மொழியிலும் ஊன்றியுள்ளன என்பதை வாசகர் காண்பர்.

1. மூன்று கம்பிகளும் அவற்றின் தொழிலும்

எமது வீடுகளுக்கு 230 வோல்ற் அழுத்தமும் செக்கனுக்கு 50 சுற்று அதிர்வெண்ணும் கொண்ட ஆடலோட்ட மின்சாரம் வழங்கப்படுகின்றது. வீட்டினுட் செல்லும் கம்பிகள் மூவகையின. மின்மாற்றியிலிருந்து அழுத்தத்தைக் கொண்டுவருவது உயிர்க்கம்பி. விளக்கினூடாகவோ கேத்தலினூடாகவோ சென்ற ஓட்டத்தை மீண்டும் மின்மாற்றிக்குக் கொண்டுசெல்வது நொதுமற் கம்பி. இவ்விரண்டும் இன்றிச் சுற்று நிறைவுறாது. மூன்றாவதான புவிக்கம்பி வழமையான வேளையில் ஓட்டம் எதனையும் காவுவதில்லை. உபகரணத்தின் உலோக உடலை நிலத்தோடு தொடுத்து, உள்ளே உயிர்க்கம்பி பழுதுற்று அவ்வுடலைத் தொடும்போது மின்னை நிலத்துக்கு வழிப்படுத்துவதே அதன் பணி. அது காவலன் போன்றது. காவலனின் தேவை கள்வன் வரும்போதுதான் தெரியும்.

இம்மூன்றும் இடம் மாறினால் நிகழ்வது யாது? உயிர்க்கம்பியும் நொதுமற் கம்பியும் மாறினும் விளக்கு எரியும், மின்விசிறி சுழலும். பயன்படுத்துபவர் எவ்வித வேறுபாட்டையும் உணரார். ஆயின், ஆளி உயிர்க்கம்பியில் அமையாது நொதுமற் கம்பியில் அமைந்துவிடுகின்றது. ஆளியை நிறுத்தியதும் விளக்கு அணைகின்றது. விளக்குத் தாங்கியிலோ 230 வோல்ற் அழுத்தம் அப்படியே இருக்கின்றது. அணைந்த விளக்கை மாற்றுவதற்கு ஈரக்கையோடு மேசைமேல் ஏறுபவர் இறந்துபோவதற்கு இதுவே போதுமானது. உயிர்க்கம்பியும் புவிக்கம்பியும் மாறினாலோ உபகரணத்தின் உலோக உடலே நேரடியாக மின்னேற்றம் பெறுகின்றது.

தோல் நனைந்துள்ள நிலையில் மனித உடலின் தடை ஏறக்குறைய 1000 ஓம் எனக் கொள்ளலாம். 230 வோல்ற் அழுத்தத்தில் அதனூடாக 230 மில்லி அம்பியர் ஓட்டம் செல்லும். இதயத்தின் இயக்கத்தைக் குலைப்பதற்கு இதனிலும் குறைந்த ஓட்டமே போதும். ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரிப் பகுதியில், கொழுந்து பறித்தோ பால் வெட்டியோ நனைந்த உடையுடன் வெறுங்காலோடு வீடு திரும்பும் தொழிலாளிக்கு ஈரத் தோல் என்பது விதிவிலக்கன்று, அன்றாட நிலை.

2. நிற ஒழுங்கின் வரலாறு

உலகிற் பொதுவான நிற ஒழுங்கு ஒன்று தொடக்கத்தில் இருந்ததில்லை. ஒவ்வொரு நாடும் தனக்கென ஒன்றை வகுத்துக்கொண்டது. பிரித்தானிய வழக்கில் உயிர்க்கம்பி சிவப்பு, நொதுமல் கறுப்பு, புவி பச்சை. ஜேர்மனியின் பழைய வழக்கிலோ நெகிழ்கம்பியின் புவிக்கம்பி சிவப்பாக இருந்தது. ஒரு நாட்டிலே சாவைக் குறித்த நிறம் மறுநாட்டிலே காப்பைக் குறித்தது. ஐக்கிய அமெரிக்காவில் இன்றும் கறுப்பு உயிர்க்கம்பியையும் வெள்ளை நொதுமலையும் குறிக்கின்றன. நாடுகளுக்கிடையே மின்னுபகரண வணிகம் பெருகியபோது இம்முரண் பெருந் தீங்காயிற்று. இதனால், எந்தவொரு நாட்டின் பழைய வழக்கோடும் எளிதில் மயங்காத புதிய ஒழுங்கொன்று ஐரோப்பாவில் வகுக்கப்பட்டது. உயிர்க்கம்பி கபிலம், நொதுமல் நீலம், புவி பச்சையும் மஞ்சளும் கலந்த இருநிறக் கோடு என்பதே அவ்வொழுங்கு. பிரித்தானியா 1969 இல் ஆக்கிய விதிகளின் மூலம் உபகரணங்களின் நெகிழ்கம்பிகளுக்கு இதனை ஏற்றுக்கொண்டது. சுவரிற் பதிக்கப்படும் நிலையான கம்பிகளுக்கோ அது 2004 இலேயே அறிமுகமாகி, 2006 ஏப்பிரல் முதல் கட்டாயமாயிற்று.

புதிய ஒழுங்கில் ஒரு நுட்பம் மனங்கொள்ளத்தக்கது. சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்தி அறிய இயலாத நிறக்குருடு ஆண்களிடையே அரிதன்று. வட ஐரோப்பிய ஆண்களில் ஏறக்குறைய 100 பேருக்கு 8 பேர் இக்குறையுடையோர். பழைய ஒழுங்கு, மிகக் கொடிய கம்பிக்குச் சிவப்பையும் மிகக் காப்பான கம்பிக்குப் பச்சையையும் அளித்து, இத்தகையோர் மயங்கக்கூடிய இரு நிறங்களையே தேர்ந்துகொண்டிருந்தது. இருநிறக் கோடோ நிறம் தெரியாதவருக்கும் கோடாகத் தெரியும். குறைபாடுடையவரை ஒதுக்காது குறியீட்டையே திருத்தியமை இங்கு நிகழ்ந்த முன்னேற்றமாகும்.

இலங்கையின் மின்னமைப்பு மரபு பிரித்தானிய வழிவந்தது. ஆகவே பழைய கட்டடங்களிற் சிவப்பு, கறுப்பு, பச்சை ஒழுங்கும், புதியனவற்றிற் கபிலம், நீலம், பச்சை மஞ்சள் ஒழுங்கும் காணப்படுகின்றன. ஒற்றைத்தறுவாய் வீடுகளில் இக்கலப்பு ஓரளவு தாங்கத்தக்கது. மூன்று தறுவாய்கள் வரும் தொழிற்சாலைகளிலோ நிலைமை வேறு. பழைய ஒழுங்கின்படி தறுவாய்கள் சிவப்பு, மஞ்சள், நீலம், நொதுமல் கறுப்பு. புதிய ஒழுங்கின்படி தறுவாய்கள் கபிலம், கறுப்பு, சாம்பல், நொதுமல் நீலம். கறுப்பும் நீலமும் தம் பொருளை முற்றாக மாற்றிக்கொண்டுள்ளன. பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் புதிய பகுதி இணைக்கப்படுமிடத்தில், நீல உறையைக் கண்டு நொதுமல் எனக் கருதிக் கைவைப்பவர் உயிருள்ள தறுவாயைத் தொடக்கூடும்.

3. லயத்தின் மின்னமைப்பு

தோட்டங்களுக்கு மின்சாரம் புதியதன்று. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பல தேயிலைத் தொழிற்சாலைகள் மலையருவிகளில் நீர்ச்சில்லுகளை அமைத்துத் தம் பொறிகளை இயக்கின. டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் நீர்மின் வளத்தைப் பற்றி வாதிட்டதும், 1950 இல் இலக்சபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியதும் அறியப்பட்ட செய்திகள். சப்பிரகமுவவிலேயே பலாங்கொடைக்கு அண்மையில் 120 மெகாவாற்றுச் சமனலவெவ நிலையம் 1992 இல் இயங்கத் தொடங்கியது. இம்மாகாணத்தின் சிற்றோடைகளில் 1990கள் முதல் கிராம மக்களின் பாவனையாளர் சங்கங்கள் சிறு நீர்மின் திட்டங்களையும் நடத்தின. எனினும், தொழிற்சாலையில் ஒளி படர்ந்த காலத்தில், அதற்கு உழைத்தவரின் லயங்களிற் குப்பி விளக்கே எரிந்தது. அக்குப்பி விளக்குக் கவிழ்ந்து எரிகாயமுற்றோரைக் கண்டு மனம் வருந்திய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கவிழாத விளக்கொன்றை வடிவமைத்து 1998 இல் றோலெக்ஸ் விருது பெற்றார். எளியோரின் பாவனைப் பொருளும் பாதுகாப்பாக அமையவேண்டும் என்ற அந்நோக்கு, விளக்கினிடத்தை மின்சாரம் பிடித்துக்கொண்ட பின்னரும் தேவையாயுள்ளது.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் அறைகளை வரிசையாக அடுக்கிய குடியிருப்பு. அதன் பழைய அமைப்பில் அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் பலவிடங்களிற் கூரைவரை எழும்புவதில்லை. மரச்சட்டங்களும் தகரமும் கொண்ட கூரைவெளி முழு வரிசைக்கும் பொதுவானது. இங்கு மின்சாரம் திட்டமிட்டு ஒருங்கே வந்ததன்று. துண்டு துண்டாக வந்தது. ஓரறைக்குக் கிடைத்த இணைப்பிலிருந்து அடுத்த அறைக்குக் கூரைவெளியினூடாக ஒரு கம்பி செல்லும். பிள்ளைகள் மணஞ்செய்து பின்புறத்தில் ஒரு பத்தி இறக்கும்போது இன்னொரு கம்பி நீளும். கடையில் அன்று எந்நிறக் கம்பி உள்ளதோ, எஞ்சிய துண்டு யாரிடம் உள்ளதோ அதுவே பயன்படும். இவ்வாறு ஒரே ஓட்டம் ஓரறையிற் சிவப்பாகவும் அடுத்த அறையில் நீலமாகவும் மூன்றாம் அறையில் மஞ்சளாகவும் பயணம் செய்கின்றது. ஒரு விளக்குக்கெனப் போடப்பட்ட மெல்லிய கம்பி பல அறைகளின் சுமையைத் தாங்கி வெம்மையுறுவதும், கூரைத் தகரத்தின் விளிம்பில் உராய்ந்து உறை தேய்ந்து கூரையையே மின்னேற்றுவதும் நிகழத்தக்கனவே. கூரைவெளியிற் பற்றும் தீ ஓரறையோடு நிற்பதில்லை. மின்னொழுக்கால் லயன் வரிசை எரிந்தது எனப் பத்திரிகைகளில் அடிக்கடி வெளிவரும் செய்திகளின் பின்னணி இதுவே.

புவிக்கம்பியின் நிலை இன்னுஞ் சிந்திக்கத்தக்கது. எமது நாட்டு வீட்டிணைப்பு முறையில், பாவனையாளர் தம் வளவிலேயே உலோகக் கோலொன்றை நிலத்திற் பதித்துப் புவித்தொடுப்பைப் பெறவேண்டும். லயத்தில் வாழ்பவருக்கு வளவு ஏது? தோட்ட நிலம் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாகி, 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்குட்பட்டது. குடியிருப்பவர் சுவரில் ஆணியறைவதற்கும் அனுமதி வேண்டிய நிலையில், நிலத்திற் கோலறைவது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடையில்லை. விளைவாகப் பல அறைகளில் இரு கம்பிகளே உள்ளன; மூன்றாவது இல்லை. மூன்று துளைக் குதையின் புவித்துளையிற் தீக்குச்சியையோ பேனை மூடியையோ செருகி, மூடியைத் திறந்து இருமுனைச் செருகியைப் பொருத்தும் வழக்கம் யாவரும் அறிந்ததே. காப்புக்கென அமைந்த துளை, காப்பை மீறுவதற்கான திறவுகோலாகிவிடுகின்றது.

4. சொல்லும் நிறமும்

குறியீடு மொழியோடு சேர்ந்தே வாழ்கின்றது. தோட்டத்திலே 'லைன்' என்றால் குடியிருப்பு வரிசை. மின்வேலை செய்பவர் வாயில் 'லைன்' என்றால் உயிர்க்கம்பி. இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லின் பிள்ளைகள். 'வயரிங் பாஸ்' எனத் தொழிலாளர் அழைக்கும் கைவினைஞர் பெரும்பாலும் ஏட்டிற் படித்தவரல்லர். இன்னொரு பாஸிடம் கையாளாக நின்று கண்ணாற் கற்றவர். அவரது அறிவு மதிக்கத்தக்கது. ஆயின் 'சிவப்பில் இருக்கும், கறுப்பில் இராது' என்ற வாய்மொழிச் சூத்திரமாகவே அது கையளிக்கப்படுகின்றது. நிற ஒழுங்கு மாறியபோது அச்சூத்திரத்தைத் திருத்தும் செய்தி அவரிடம் முறையாகச் சென்றடையவில்லை. மின்னமைப்பு விதிகளுக்கு அடிப்படையாகப் பின்பற்றப்படும் பிரித்தானியக் கோவை ஆங்கிலத்தில் உள்ளது. 1987 இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று எனினும், சட்டத்தில் ஏறிய மொழி மின்பலகைக்கு இறங்குவதற்குக் காலமெடுக்கின்றது.

எமது கலைச்சொற்களும் இங்கு ஆராயத்தக்கன. இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் 'நொதுமல்' பழந்தமிழ்ச் சொல்; சங்க அகப்பாடல்களில் அயலாரைக் குறிக்க 'நொதுமலர்' என வருவது. பகையுமன்று, நட்புமன்று என்ற பொருளில் அது பொருத்தமான ஆக்கமே. எனினும், நொதுமற் கம்பி தீங்கற்றது என்ற மயக்கத்துக்கும் அச்சொல் இடந்தருகின்றது. உயிர்க்கம்பியிற் செல்லும் அதே ஓட்டமே நொதுமலிலும் திரும்புகின்றது. அக்கம்பி எங்கேனும் அறுந்தால், அறுந்த இடத்துக்கு இப்பால் வீட்டுப்பக்கமுள்ள நொதுமல், இயங்கும் உபகரணங்களினூடாக உயிர்பெற்றுவிடும். அயலான் பகைவனாகும் வேளை அது.

நிறப்பெயர்களும் அத்தகையனவே. பாடநூல் 'கபிலம்' என்னும்; பேச்சிலோ அது மண்ணிறம். தமிழகத்தார் 'பழுப்பு' என்பர். எமக்குப் பழுப்பு என்றதும் உதிரும் இலையின் மஞ்சளே மனத்தில் தோன்றும். தமிழ் மரபில் நீலமும் கருமையும் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகுவன. நீலமேனியனைக் கரியவன் என்றும் கூறுவோம். இலக்கியத்தில் இது நயம். மூன்று தறுவாய் மின்பலகையில் இது கேடு. ஆகவே தமிழிற் பாதுகாப்புக் கையேடு எழுதுவோர் நிறப்பெயரை மட்டும் அச்சிடாது, நிறத்தையே அச்சிட்டு அருகில் நூற்சொல்லையும் பேச்சுச் சொல்லையும் சேர்த்துத் தருவது இன்றியமையாதது.

5. நிறம் சான்று, சோதனையே தீர்ப்பு

விதிகளைப் பிழையின்றிப் பின்பற்றிய அமைப்பிலும் நிறம் பொய்யுரைக்கும் இடம் ஒன்றுண்டு. கூரையிலிருந்து ஆளிக்கு இறங்கும் இரட்டைக் கம்பியை எடுத்துக்கொள்வோம். ஒன்று சிவப்பு, மற்றது கறுப்பு. ஆளிக்கு நொதுமல் தேவையில்லை. சிவப்பு அழுத்தத்தை இறக்குகின்றது. கறுப்பு அதனை ஆளியினூடாக விளக்குக்கு ஏற்றுகின்றது. ஆளி போட்டதும் கறுப்பும் உயிர்க்கம்பியே. இக்கறுப்பின் இரு முனைகளிலும் சிவப்பு உறையோ நாடாவோ சுற்றுதல் முறை. சுற்றாது விட்டால், அடுத்துத் திறப்பவர் ஏமாறுவார்.

எனவே நிறத்தைச் சாட்சியாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளலாகாது. பன்மானியினால் அளந்தால், உயிருக்கும் நொதுமலுக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ற், உயிருக்கும் புவிக்கும் இடையே அதற்கு அண்மையது, நொதுமலுக்கும் புவிக்கும் இடையே சில வோல்ற்றுக்களே காட்டும். இம்மூன்று அளவீடுகளையும் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும். பரவலாகப் பயன்படும் நியோன் சோதனைக் கோல் அழுத்தம் உண்டு என்பதை மட்டும் சொல்லும். புவித்தொடுப்பு நல்லதா என்பதைச் சொல்லாது. கம்பியைத் தொட்டு வேலை செய்யுமுன் பிரதான ஆளியை நிறுத்துவதும், நிறுத்திய பின்னரும் அளந்து பார்ப்பதும், அளக்கும் கருவி செயற்படுகின்றதா என்பதை அறிந்த மூலமொன்றில் முன்னும் பின்னும் சரிபார்ப்பதும் கட்டாயமானவை.

உருகி இருக்கின்றதே எனச் சிலர் அமைதியடைவர். கணக்கொன்றைக் காண்போம். புவித்தொடுப்புப் பாதையின் மொத்தத் தடை 50 ஓம் ஆயின், உயிர்க்கம்பி உலோக உடலைத் தொடும்போது செல்லும் ஓட்டம் 230 ஐ 50 ஆல் வகுக்க வரும் 4.6 அம்பியர். 5 அம்பியர் உருகியும் இதற்கு உருகாது. உபகரணமோ மின்னேறியபடியே நிற்கும். இதனாலேயே, செல்லும் ஓட்டத்தையும் திரும்பும் ஓட்டத்தையும் ஒப்பிட்டு 30 மில்லி அம்பியர் வேறுபாட்டிலேயே சுற்றைத் துண்டிக்கும் மீதியோட்டச் சுற்றுடைப்பான் வேண்டப்படுகின்றது. மக்கள் இதனை 'ட்ரிப் சுவிச்' என்பர். அடிக்கடி விழுகின்றது என்பதற்காக அதனைத் தவிர்த்து நேரடியாக இணைப்பது, குரைக்கும் காவல்நாயைக் கொல்வதற்கு ஒப்பாகும். எனினும், அதுவும் எல்லாம் அறிந்ததன்று. உயிரும் நொதுமலும் இடம் மாறியிருப்பதை அது உணராது. இரண்டையும் ஒருங்கே ஒருவர் பற்றினால் அவரை ஓர் உபகரணமாகவே கொள்ளும். சரியான இனங்காணலுக்கு எப்பொறியும் மாற்றீடாகாது.

6. முடிவுரை

லயங்களின் மின்விபத்துகளைத் தொழிலாளரின் அறியாமை என்று கூறி முடிப்பது எளிது. நாம் மேலே கண்டவை அம்முடிவுக்கு இடந்தருவன அல்ல. நிற ஒழுங்கை அவர் மீறவில்லை. ஒழுங்கு அவரிடம் சென்றடையவே இல்லை. புவிக்கோலை அவர் மறுக்கவில்லை. அதனை நடுவதற்கு அவருக்கு நிலம் இல்லை. கூரைவெளியிற் கம்பியை நீட்டியது பேராசையன்று. ஓரறைக்கு வந்த ஒளியை உறவினரோடு பகிர்ந்த செயல்.

செய்யத்தக்கன பெருஞ் செலவுடையனவல்ல. லயன் வரிசை ஒவ்வொன்றுக்கும் பொதுவான புவித்தொடுப்பும், அறை தோறும் தனி அளவுமானியும் மீதியோட்டச் சுற்றுடைப்பானும் அமைத்தல், குடியிருப்பின் உரிமையாளர் என்ற வகையில் தோட்ட முகாமையின் கடமையாகும். இரு நிற ஒழுங்குகளையும் அருகருகே காட்டும் தமிழ் அட்டையொன்று மின்பலகை தோறும் ஒட்டப்படலாம். வயரிங் பாஸ்மார் தம் கைத்திறனை இழக்காது தகைமைச் சான்றிதழ் பெறத்தக்க வகையில் தமிழ்மொழிப் பயிற்சி தோட்டத்தை அண்டிய நகரங்களிலேயே நடத்தப்படலாம். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள், சொல்லாக்கத்தைக் கருத்தரங்கோடு நிறுத்தாது, கையேடாக்கி லயத்து வாசலுக்குக் கொண்டுசெல்லலாம்.

இவற்றுள் முதலாவதைத் தொழிற்சங்கங்களும், இறுதியானதை நாமும் உடனே தொடங்குதல் கூடும். குடியிருக்கும் மண்ணில் உரிமை பெறும் நாள்வரை காத்திராது, குடியிருக்கும் சுவரிலுள்ள கம்பியின் நிறத்தையேனும் அம்மக்கள் நம்பத்தக்கதாக்குவது எம் காலத்தின் சிறிய, ஆயின் தள்ளிவைக்கவியலாத கடமையாகும்.